மனத்தாங்கல் அறை

கடற்கரையை ஒட்டி ஒரு பெரிய விடுமுறை வீடு. எட்டுப் படுக்கையறைகள், இருபத்திரண்டு பேர் ஒன்றாக உட்காரும் சாப்பாட்டு மேஜை, ஈரக்காலில் மணலோடு வருபவர்களுக்காக வாசலிலேயே ஒரு குழாய். கூட்டமாக வந்து தங்கிக் கொண்டாடுகிறவர்களுக்கென்றே கட்டியது. அதன் உரிமம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு காலாவதி. ஆறு மணிக்கு, தங்கள் பெரியவர் தம்பதியின் ஐம்பதாவது மணநாளைக் கொண்டாட ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது. அதற்குள் உரிமம் புதுப்பிக்கப்படாவிட்டால் அத்தனை பேரையும் வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

வெள்ளி காலை பத்து மணிக்கு ஆய்வாளர் தம் எழுத்தரோடும் அளவு நாடாவோடும் எழுந்தருளினார். தலையணைகளை எண்ணினார். கடலை ஒருமுறை பார்த்து, 'உள்ளது' என்று எழுதச் சொன்னார். பிறகு வீட்டுக்காரியம்மாவிடம் கேட்டார்:

"மனத்தாங்கல் அறை எங்கேம்மா?"

"அது என்ன சார்?"

"சொந்தக்காரங்க இருபது பேர் ஒண்ணா தங்கினா ஒருத்தராவது கோவிச்சுக்குவாங்க. அவங்க போய் உக்கார ஒரு ரூம் வேணும். புது விதி, பதினாலு."

"கடலோரமா போய் உக்காரலாமே?"

"கடலைப் பார்த்தா கோபம் போயிடும். அப்புறம் விதி எதுக்கு?"

மறுக்க முடியாத தர்க்கம். மடக்கு நாற்காலிகள் கிடந்த சாமான் அறை உடனே காலியாயிற்று. ஜன்னலைத் திறந்தால் மதில் சுவர். விதிக்கு உகந்த காட்சி. தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும். கூடத்துச் சிரிப்பு உள்ளே கேட்கிறதா என்று சமையல்காரரைச் சிரிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். எரிச்சலூட்டும் அளவுக்குக் கேட்டது.

"இனி செயல்முறைச் சோதனை," என்றார் ஆய்வாளர். "ஒருத்தர் உள்ளே போய்க் கோவிச்சுக்கணும். சமாதானப்படுத்தினா வெளியே வரணும். யோவ் எழுத்தரே, நீ போ."

"எனக்குக் கோபமே வராதே சார்."

"உத்தரவுய்யா. வரும்."

எழுத்தர் உள்ளே போய்த் தாழிட்டார். ஐந்து நிமிடம் கழித்து ஆய்வாளர் கதவைத் தட்டினார்.

"சரிப்பா, போதும். வெளியே வா."

"வர மாட்டேன்."

"பிரமாதம்! அசல் மாதிரியே இருக்கு. வா, வா."

"என் ஜன்னலோர நாற்காலியைப் பிடுங்கி உங்க மச்சானுக்குப் போட்டீங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க. வரேன்."

சோதனை எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக நடந்தது. பதினோரு ஆண்டுக் குறைகள், தேதிவாரியாக, கதவிடுக்கு வழியே வெளிவந்தன. ஒரு மணி வாக்கில் ஆய்வாளரே வீட்டுக்காரியம்மாவிடம் முறையிட்டார்.

"இவன் பொண்ணு கல்யாணத்துக்கு முதல் ஆளா போய் நின்னவன்மா நான்! என்னைப் போய் இப்படிப் பேசறான்!"

"மனசுல வெச்சுக்காதீங்க சார்."

"வேற எங்க வெச்சுக்கறது?"

கோபித்துக்கொள்ள அந்த வீட்டில் அங்கீகாரம் பெற இருந்தது அந்த ஓர் அறைதான். எழுத்தர் கதவைத் திறந்து, ஆய்வாளரை உள்ளே விட்டு, மறுபடி தாழிட்டார். மனத்தாங்கல் வேறு, மரியாதை வேறு.

வீட்டுக்காரியம்மா பதறிப்போய்த் தலைமை அலுவலருக்குப் போன் செய்தார். நான்கு மணிக்கு அவர் வந்தபோது வாசலில் வரவேற்க ஒருவரும் இல்லை. எல்லாரும் அறைக் கதவின் முன் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். கோபித்துக்கொண்டு அவரும் உள்ளே போய்விட்டார்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம். வீட்டுக்காரியம்மா உரிமத்தாளைக் கதவுக்கடியில் தள்ளினார்.

"கையெழுத்து மட்டும் போட்டுடுங்க ஐயா. ரூம் நல்லா வேலை செய்யுதுன்னு உங்களுக்கே தெரியுமே."

தாள் மூன்று கையெழுத்தோடு திரும்பியது. கூடவே ஒரு குறிப்பு: 'அறை செவ்வனே இயங்குகிறது.'

ஆறு மணிக்குக் குடும்பம் வந்தது; 'மனத்தாங்கல் அறை உண்டு' என்று வாசலில் புதுப் பலகை வரவேற்றது. கடல் தெரியும் அறை தம்பிக்குப் போய்விட்டதென்று, கால்மணி நேரத்துக்குள் பெரியப்பா விறுவிறுவென்று போய் மனத்தாங்கல் அறைக் கதவைத் தட்டினார்.

"ஆள் இருக்கு," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆபீஸ் வேலை. சொல்ல முடியாது."

சமையலறையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்று பார்த்தார். "இங்கல்லாம் கோவிச்சுக்கக் கூடாதுங்க, அனுமதி இல்லை," என்று சமையல்காரர் திருப்பி அனுப்பினார். வேறு வழியின்றிப் பெரியப்பா கூடத்துக்கு வந்து எல்லாரோடும் சாப்பிட்டார். பெரிய அத்தைக்கும் இதே கதி. மூன்று நாளும் சாப்பாட்டுத் தட்டுகள் ஜன்னல் வழியாக அறைக்குள் போய் வந்தன; வெளியே, அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் முதல்முறையாக, எல்லாரும் ஒரே புகைப்படத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

மறுவாரம் அவர்கள் உரிம அலுவலகத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பினார்கள். 'விளம்பரப்படுத்திய மனத்தாங்கல் அறை ஒரு மணி நேரம்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்று நாளும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கும் நிர்ப்பந்தத்துக்கு ஆளானோம்.' முதல் இரண்டு கையெழுத்தும் மணநாள் தம்பதியுடையவை.

அலுவலகத்தில் ஆளில்லாததால் புகார் கடற்கரை வீட்டுக்கே திருப்பிவிடப்பட்டது. வீட்டுக்காரியம்மா அதைக் கதவுக்கடியில் தள்ளினார். உள்ளே நெடுநேரம் ஆலோசனை நடந்தது. பிறகு பதில் வந்தது:

'புகார் நியாயமானதே. ஓர் அறை போதாது. நேரில் வந்து ஆய்வு செய்ய உள்ளோம். வண்டி அனுப்பி வைக்கவும்.'