ஒழுக வேண்டிய கூரை

வேப்பமரத்தடியில் குடிசை கம்பீரமாக நின்றது. அதுதான் பிரச்சினை.

"அண்ணாச்சி, மரத்துக்குக் கீழ இருக்கக் கூடாதாம்" என்றாள் ஜெபகனி. துபாய் ஜுமேராவில் இருந்த அந்த வில்லாவில் அவள் சமையல்காரி. சொந்த ஊர் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் கடலோரம். வீட்டு எஜமானி ரிவ்கா மேடம் ஆங்கிலத்தில் சொல்வதை, குடிசை கட்ட வந்த தச்சன் வைரவனுக்குத் தமிழில் சொல்வதும் காலையிலிருந்து அவள் தலையில் விழுந்திருந்தது.

"ஏந்தங்கச்சி? நெழலா இருக்கட்டுமேன்னுதான அங்கன கட்டுனேன்? வெயிலு மண்டையப் பொளக்குது."

"இவங்க யூதருங்கல்லா? இன்னைக்குச் சாயங்காலம் கூடாரப் பண்டிக தொடங்குது. எங்க பைபிள்லயும் வரும். எகிப்த விட்டு வந்த சனங்க பாலைவனத்துல குடிசை போட்டுத் தங்குனாங்க. அத நெனச்சு ஏழு நாளு குடிசைக்குள்ளயே சாப்பிட்டு, ஆடிப்பாடி சந்தோசமா இருப்பாங்க. குடிசைக்கும் வானத்துக்கும் நடுவுல மரம் வரக் கூடாதாம்."

ரிவ்கா மேடம் யூதப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பண்டிகைப் பாடம் எடுக்கும் டீச்சர். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாகப் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் மரத்தைக் காட்டினார், குடிசையைக் காட்டினார், உற்சாகமாக ஏதோ சொன்னார். பிள்ளைகள் கைதட்டிவிட்டு எழுதிக்கொண்டார்கள். தன் வேலையில் குறை எழுதுகிறார்களோ என்று வைரவன் பயந்தான்.

பயப்படாமல் என்ன செய்வான்? 'மேடம் கம்ப்ளைண்ட் பண்ணினால் லீவு மாஃபி, கிடையவே கிடையாது. வேலை முடிந்தது என்று அவர் கையெழுத்து வாங்கி வா, உன் லீவு பேப்பரில் நான் கையெழுத்துப் போடுகிறேன்' என்று சூப்பர்வைசர் உஸைர் பாய் வேனில் ஏற்றும்போதே இந்தியில் சொல்லி அனுப்பியிருந்தார். மகள் உமாராணியின் கல்யாணத்தை சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில், கட்டிலில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தவன் வைரவன். ஐப்பசியில் அவளுக்கு வளைகாப்பு. அதையும் போனில் பார்த்தால் மனைவி மீனாம்பாள் அப்புறம் போனையே எடுக்க மாட்டாள். அது போகட்டும், அவனுக்கே தாங்காது.

தோட்டக்காரரையும் டிரைவரையும் கெஞ்சிக் கூப்பிட்டு, குடிசையை அலாக்காகத் தூக்கித் திறந்த வெளியில் வைத்தான். மர நிழலை நம்பிக் கூரை போடாததால், வைத்ததும் வெயில் நேராக உள்ளே இறங்கியது. மரம் போனால் என்ன, தச்சன் இருக்கிறான் என்று மேலே தகர ஷீட் போட்டு, அதன் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, இடுக்கெல்லாம் சிலிக்கான் அடித்தான். சைட்டில் இப்படி ஒரு கூரை போட்டிருந்தால் இன்ஜினியர் தோளில் தட்டியிருப்பார்.

ரிவ்கா மேடம் ஓடி வந்தார். பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். ஷீட்டைத் தட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் கைதட்டல்.

"மண்ணுல மொளச்சத வெட்டித்தான் மேல போடணுமாம்" என்றாள் ஜெபகனி. "தகரம் மண்ணுல மொளைக்காதுல்லா?"

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வைரவன் மேடத்தின் முகத்தைப் பார்த்தான். கோபமே இல்லை, சிரிப்புத்தான். பெரிய மனுசர்கள் நேரில் சிரித்துவிட்டுப் பின்னால்தான் கம்ப்ளைண்ட் எழுதுவார்கள் என்பது அவன் அனுபவம். அவசர அவசரமாக ஷீட்டைப் பிரித்தான். பின்பக்கத்தில் வெட்டிப் போட்டிருந்த பேரீச்ச மட்டைகளைச் சுமந்து வந்து, ஊரில் கல்யாணப் பந்தலுக்குக் கீற்று முடைந்த கையோடு முடைந்தான். ஒன்றுக்கு இரண்டு அடுக்கு. சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வேர்வை தேறும்.

வேலை முடிந்ததும் அவனே பிள்ளைகளைக் கூப்பிட்டு, தோட்டத்து ஹோஸ் பைப்பைக் கூரை மேல் பீய்ச்சிக் காட்டினான். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடத்தைப் பார்த்தான். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளைகளிடம் கால் மணி நேரம் பேசினார். இரண்டு பக்கம் எழுதினார்கள்.

"என்ன, பாராட்டுறாங்களா?"

ஜெபகனி தயங்கினாள். "மழை பெய்ஞ்சா உள்ள ஒழுகணுமாம். ராத்திரி நட்சத்திரம் தெரியணுமாம்."

"ஒழுகணுமா?" வைரவன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான். "பதினாலு வருசமா துபாய்ல தச்சு வேலை பாக்குறேன். ஒழுகலைன்னு கொறை சொல்லிக் கேக்குறது இதான் மொதத் தடவ!"

வந்த ஆத்திரத்தில் மட்டைகளை உருவி வீசினான். வானம் தெரிந்தது. கூடவே சூரியனும் தெரிந்தது. பிள்ளைகள் உள்ளே போய்த் தரையில் சாக்பீஸால் நிழலுக்கு ஒரு கோடு, வெயிலுக்கு ஒரு கோடு என்று போட்டுப் பார்த்து, ஒரே குரலில் ஏதோ கத்தினார்கள்.

"வெயில விட நெழல் அதிகமா இருக்கணுமாம்" என்றாள் ஜெபகனி.

மணி நாலரை. பொழுது சாய்ந்தால் பண்டிகை தொடங்கிவிடும். கையெழுத்தும் போச்சு, வளைகாப்பும் போச்சு. வைரவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கே அழுதால் அதையும் எழுதிக்கொள்வார்களோ என்று அடக்கிக்கொண்டான்.

"தங்கச்சி, நீ உள்ள நின்னு பாத்துச் சொல்லும்மா. ஒண்ணொண்ணா வைக்கிறேன்."

"இன்னொண்ணு வையுங்க... அந்தா அந்த மூலைல... போதும், போதும்! இங்க நெழலு இருக்கு, வானமும் தெரியுது. தண்ணி தெளிங்க பாப்போம்... மூஞ்சியில விழுது அண்ணாச்சி!"

ரிவ்கா மேடம் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். பிள்ளைகளிடம் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். மரத்தடி ஏன் கூடாது, தகரம் ஏன் கூடாது, கூரை எதற்கு ஒழுக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். பிறகு மாதுளம்பழங்களையும் காகிதத் தோரணங்களையும் கட்டித் தொங்கவிட்டுப் பாட ஆரம்பித்தார்கள். மேடம் வைரவன் நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போட்டார். ஒரு பெட்டி இனிப்பும் கொடுத்தார். அப்போதே உஸைர் பாய்க்கு போன் போட்டு, அவனை வாயாரப் பாராட்டினார். ஐந்தே நிமிடத்தில் வைரவனின் போனுக்குச் செய்தி வந்தது: 'லீவு ஓகே. டிக்கெட் போடு.'

வைரவன் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஜெபகனி கொடுத்த டீயைக் குடித்ததும் தெம்பு வந்துவிட்டது.

"இனிமே எல்லாம் எனக்கு அத்துப்படி. அடுத்த வருசமும் என்னையே கூப்பிடச் சொல்லு தங்கச்சி. ஒரு தப்பு இல்லாம, அரை நாள்ல கட்டிக் குடுத்துருவேன்."

"அய்யோ, அப்படிச் சொன்னா ஒங்களக் கூப்பிடவே மாட்டாங்க! போன வருசம் வந்த ஆளு ஒரு தப்பு இல்லாம கட்டிட்டுப் போயிட்டாரு, பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே வெளங்கல. அதான் இந்தத் தடவ ஒண்ணுந்தெரியாத ஆளா ஒருத்தர அனுப்புங்கன்னு மேடம் ஒங்க உஸைர் பாய்கிட்டக் கேட்டு வாங்குனாங்க அண்ணாச்சி."