பூஜை அலமாரியில் ஸ்பெயின் பாட்டில்

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை.

முதலில் இதைக் கேட்கிறேன் கோகுல், அந்தப் பாட்டிலை எதற்கு அனுப்பினாய்? நீயும் உன் பெண்டாட்டியும் சுகமா என்று பிறகு விசாரிக்கிறேன். அந்த ஸ்பெயின் ஊர்க் குளிரில் கோமதி அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும். போனில் பேசினால் உன் சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், தெருவே கேட்கும். அதனால் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

உன் கூட்டாளி ஷாஜித், "கோகுல் குடுத்துவிட்டான்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையைத் திணித்துவிட்டு ஓடிப்போனான். பாட்டிலில் திராட்சைக் குலை படம். வெளிநாட்டுச் சர்பத்து என்று நினைத்தேன். புதுசாக எது வந்தாலும் அம்மன் முன்னால் வைத்துத்தானே எடுப்போம்? சந்தனம் குங்குமம் இட்டுப் பூஜை அலமாரியில் வைத்தேன். நேற்று உன் தங்கச்சி இசக்கிசெல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம், அவன் அப்பா சங்கரசுப்பு அண்ணாச்சியும் அம்மாவும்தான். எத்தனை ஜாதகம் தட்டிப்போய் இது ஒன்று பொருந்தியிருக்கிறது, உனக்கே தெரியும். கௌரவமாக இருக்கட்டும் என்று அந்தப் பாட்டிலை எடுத்தேன். மூடியா அது, கட்டை! சித்தப்பா திருப்புளியால் குத்தி உள்ளே தள்ளினார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, வாழைக்காய் பஜ்ஜியோடு வைத்தேன்.

அண்ணாச்சி டம்ளரைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். "கண்ணாடி டம்ளர் இல்லையா தாயி?" என்றார். நம்ம எவர்சில்வர் அவருக்குக் கேவலமாப் போச்சு! "கொஞ்ச நேரம் காத்தாட வச்சிருக்கணும்லா" என்றார். அப்புறம் பஜ்ஜியைப் பார்த்து, "இதுக்கு இது சேராது" என்றார். என் பஜ்ஜியவா மக்கா! சித்தப்பா அதற்குள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "துவர்ப்பா இருக்குட்டி, வயித்துக்கு நல்லது, இன்னும் ஊத்து" என்று டம்ளரை நீட்டுதாரு.

அந்த நேரம் பார்த்து இசக்கிசெல்வி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். முகம் வெளுத்துக் கிடக்கு. "எம்மா, அண்ணன் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கான், நீ கேக்கவே இல்லையா?" என்று என் காதில் வச்சா. "சித்தி, அது ரெட் ஒயின், சித்தப்பாவுக்கு மட்டும். சுட்ட ஆட்டுக்கறி, செம்மறிப்பால் சீஸ், காளான் வறுவல், இதோட குடிச்சா ஜோரா இருக்கும்"னு சிரிக்க நீ. வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட உரிக்காத வீட்டுல, ஆட்டுக்கறியாம்!

ஓடிப்போய் அண்ணாச்சி கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிட்டேன். "எம்மா, நான் இன்னும் குடிக்கவே இல்லையே!"ன்னாரு. அந்தம்மா "கிளம்புவோமா"ன்னு எந்திரிச்சிட்டா. ஒரு பஜ்ஜியைக்கூடத் தொடலை, கை நனைக்காமப் போயிட்டாவ. கை நனைக்காமப் போனா என்ன அர்த்தம்னு உனக்குச் சொல்லணுமாலே? இந்த நேரம் வரைக்கும் ஒரு போன் இல்லை. அலமாரியைக் கழுவி, கோயில் புற்றுமண்ணை நெத்தியில பூசிட்டு அழுதுட்டு இருக்கேன். இசக்கிசெல்வி சாப்பிடவே மாட்டேங்கா. நீயே அண்ணாச்சிக்குப் போன் போட்டு, எங்க சித்தி வீட்டுல அந்த வாடையே ஆகாது, கறியும் குடியும் இல்லாத குடும்பம், ஒயின்னா என்னன்னே தெரியாதுன்னு அம்மன்மேல சத்தியம் பண்ணிச் சொல்லு.

உங்க வீட்டு அடுப்பும் விளக்கும் அணையாம இருக்கணும், சீக்கிரம் ஒரு பிள்ளைச் சத்தம் கேக்கணும்.

உன் சித்தி,
பிரேமலதா.

பி.கு.: போன் போட்டுராதே! மேலே எழுதினதை அப்பவே அனுப்பிட்டேன், அதுக்குள்ள போட்டிருந்தா தப்பா சொல்லிட்டேன்னு மாத்திச் சொல்லு. மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு தரகர் சொன்னது இப்பதான் ஞாபகம் வருது. நாசிக் பக்கம் கம்பெனியாம், சுத்தி திராட்சைத் தோட்டமாம், மரப்பீப்பாயில வருஷக்கணக்கா ஊறப் போட்டு, எடுத்து ருசி பார்த்துச் சொல்ற ஆபீசராம். நான் ஊறுகாய்க் கம்பெனின்னு நெனச்சுட்டேன்.