பூவரசஞ் சட்டம்

சட்டத்துக்குள் படம் போகவில்லை.

அடைக்கலசாமி சாய்த்து வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார். இரண்டு நாளாக அறுத்து, இழைத்து, மூலைக்கு மூலை ஆணி அடித்த சட்டம். நாளைக் காலை வரதராசன்பேட்டை மாதா கோயிலில் அவர் மகன் செல்வநாதனுக்கு முப்பதாம் நாள் பூசை. பையன் பர்மாச் சண்டையில் செத்துப்போனதாகச் சேதி வந்து ஒரு மாதம் ஆகிறது. உடல் அங்கேயே எங்கோ கிடக்கிறது. கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்துத்தான் சாமியார் மந்திரிக்க வேண்டும். அந்தப் பெட்டிமேல் வைக்க இந்த ஒரு படம்தான் இருந்தது.

"ஆசாரிகிட்ட குடுத்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி மரிய புஷ்பம்.

"அவனுக்கு ஒரு பெட்டி செய்யக்கூடக் குடுத்து வெக்கல. இதையாவது நாந்தான் செய்வேன்."

மரம், செல்வநாதன் கல்யாணக் கட்டிலுக்கென்று அறுத்து வைத்த பூவரசம் பலகை. தொடும்போதெல்லாம் அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அளந்தால் அளவு எங்கே நிற்கும்? படத்தின் நீளத்துக்கு ஓர் ஈர்க்கு, அகலத்துக்கு ஓர் ஈர்க்கு ஒடித்து, கட்டைகளையும் அதே அளவுக்கு அறுத்துவிட்டார். வெளியளவு கச்சிதமாக வந்தது. உள்ளளவைக் கட்டையின் கனம் தின்றுவிட்டது.

"படத்தைக் கொஞ்சம் நறுக்கிட்டா?"

"எம் புள்ளயவா நறுக்கப் போறீங்க?"

"அவன எதுக்கு நறுக்குறேன்? இந்தா, இடது ஓரத்துல எவனோ ஒருத்தன் நிக்கிறான்."

நாலு நாளைக்கு முன்னால் பட்டாளத்திலிருந்து வந்த பொட்டலத்தில், பையனின் ஜெபமாலையோடு இருந்த படம் அது. ஏழு சிப்பாய்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு முகமும் துவரம்பருப்பு அளவு. தொப்பி நிழலில் கண்கூடத் தெரியவில்லை. அவருக்கோ கண்ணில் புரை, அவளுக்கோ கண்ணீர். அனுப்பாமல் கிடந்த கடிதம் ஒன்றும் கூடவே வந்திருந்தது. 'இடது பக்கமிருந்து மூணாவது நிற்பது நான்' என்று அதில் எழுதியிருந்தான்.

ஓரத்து ஆள் போனான். உயரம் இடித்தது.

"பூசைக்கு பூட்ஸ் எதுக்கு?" என்று எல்லார் காலையும் நறுக்கினார்.

மிச்சத்தை உள்ளே அமுக்கியபோது சட்டத்தின் மூலை பிளந்தது. பிளந்த நுனியை அறுத்துவிட்டு மறுபடி சேர்த்தார். இன்னொரு மூலை பிளந்தது. வேறு ரம்பம் இரவல் வாங்கி வந்தார்.

"அறுக்க மாட்டாதவன் இடுப்புல அம்பத்தெட்டு அருவாளாம்," என்றாள் மரிய புஷ்பம்.

நாலாவது தடவை சேர்த்தபோது சட்டத்துக்குள் ஒரே ஓர் ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது.

"அந்தக் கடுதாசிய எடு."

கடிதத்தைப் படித்துவிட்டு, மிச்சமிருந்தவர்களை ஈர்க்கு நுனியால் இடது பக்கமிருந்து எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவது ஆளை மட்டும் நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் நறுக்கித் தள்ளினார்.

மரிய புஷ்பம் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, காது ரெண்டும் வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. நம்ம பயலுக்கு ஒட்டுன காதுல்ல?"

"பட்டாளத்துத் தொப்பி. அமுக்கி அமுக்கி அப்புடி ஆக்கியிருக்கும்."

அவள் அந்த முகத்தை முத்தமிட்டுவிட்டுக் கொடுத்தாள். வைத்துப் பார்த்தால் இப்போது படம் உள்ளே லொடலொடத்தது. வெட்டிப் போட்டவர்களையெல்லாம் பொறுக்கி, நாலாக மடித்து முதுகுப்பக்கம் திணித்து, பலகை வைத்து ஆணி அடித்தார். ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு நாளில் முதல்முறையாக அளவு சரியாக வந்திருந்தது.

மறுநாள் கோயிலில் பெட்டிமேல் படம் நின்றது. மாலை போட்டார்கள். ஊரே அழுதது. மகனுக்கு இதையாவது ஒழுங்காகச் செய்தோம் என்று அடைக்கலசாமிக்கு நெஞ்சு ஆறியது.

பூசை முடிந்ததும் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு ஒருவன் வந்தான். மீன்சுருட்டி அய்யம்பெருமாளாம், செல்வநாதனோடு ஒரே படையில் இருந்தவனாம். ஒரு காலைப் பர்மாவில் விட்டுவிட்டு வந்திருந்தான். மொட்டையடித்த தலையில் காது இரண்டும் தனியாகத் தெரிந்தன. படத்துக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தான்.

"பாத்துக்க தம்பி. என் கையால செஞ்ச சட்டம். உள்ள அவன் உசுரோட நிக்கிற மாதிரியே இருக்கான்ல?"

அய்யம்பெருமாள் படத்தின்மேல் விரலை வைத்தான்.

"உசுரோடதாங்க ஐயா இருக்கேன். இது நானுங்க. செல்வநாதன் எனக்குப் பக்கத்துல நின்னான்."