கத்திரி அக்காவும் மூன்று சொட்டுத் தண்ணீரும்

எழுத்து என்று ஒன்றைக் கண்டுபிடித்ததே வீண் வேலை என்று நம்பிய ஒரே தமிழ் இலக்கியப் பட்டதாரி, எனக்குத் தெரிந்து, சேலியமேடு கத்திரி அக்காதான். பி.ஏ. தமிழில் முதல் வகுப்பு. ஆனால் அவருடைய செல்போனிலிருந்து ஓர் ‘அ’கூட வெளியே போவதில்லை. எமோஜி என்று நாம் சொல்வதை அவர் பொம்மை என்பார். வாழ்த்து, வசை, வாடகை, வானிலை எல்லாமே பொம்மையில்தான் வரும்.

காரணம் கேட்டால் சூடாகிவிடுவார். “நான் ஒன்னு அடிச்சா அது வேற ஒன்னா மாத்துது சார். ‘உரம் வந்துச்சா’ன்னு கேட்டா ‘உறவு வந்துச்சா’ன்னு போவுது. தப்புத் தமிழ எழுதறதுக்கு நான் எழுதாமலே இருந்துட்டுப் போறேன்!”

பாகூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக வேலை கிடைத்து நான் அவர் வீட்டு மாடிக்குக் குடிவந்தேன். முதல் நாளே செய்தி வந்தது. ஒரு யானை, ஒரு வீடு, ஒரு கோபமுகம். ஊருக்குள் யானை புகுந்துவிட்டதாக நினைத்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். தெருவில் ஒரு நாய் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. “யானை எங்கே?” என்று கேட்டு அனுப்பினேன். அக்கா நேரிலேயே மாடிக்கு வந்துவிட்டார்.

“நீதான் சார் யானை. கொஞ்சம் மெதுவா நட. வூடே அதுருது.”

அக்காவின் வீட்டுக்காரருக்கு நெல்லும் கரும்பும். வாய்க்கால் ஓரத்து அரைக் காணிக் கொல்லை மட்டும் அக்காவின் தனி ராஜ்யம். அங்கே கத்திரியைத் தவிர வேறு எதற்கும் முளைக்க அனுமதி கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர். அவரும் அதை விருதுபோல் ஏற்றுக்கொண்டு, அனுப்புகிற ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரு கத்திரிக்காய் பொம்மையைக் கையெழுத்தாக வைத்துவிடுவார். பிறந்தநாள் என்றால் கேக், பூங்கொத்து, கத்திரிக்காய். எதிர்வீட்டுப் பெரியவர் இறந்தபோது தெரு குரூப்பில் அழுகைமுகம், கும்பிடும் கை, கத்திரிக்காய். துக்க வீட்டில் கத்திரிக்காய் எதற்கு என்று இறந்தவரின் மகன் வருத்தப்பட்டுக் கேட்டதற்கு, “நான்தான் அனுப்புனேன்னு தெரிய வாணாமா?” என்றார்.

ஒருமுறை பக்கத்துத் தெருக்காரரின் ஆடு வேலி தாண்டி வந்து செடிகளைக் கடித்துவிட்டது. அக்கா அந்த ஆளுக்கு ஆடு, கத்தி, கத்திரிக்காய் என்று அனுப்பினார். உன் ஆடு இன்னொரு தடவை வந்தால் வெட்டிவிடுவேன் என்று அர்த்தம். அவரோ அதை மட்டன் பிரியாணிக்கும் கத்திரிக்காய்த் தொக்குக்கும் அழைப்பு என்று எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டுப்புடவை மனைவியோடு வந்து நின்றார்.

“ஆட்ட மேய வுட்டதும் இல்லாம, சாப்புடவும் வந்துட்டியா? நட கொல்லைக்கு!”

அன்று மாலை வரை அந்த மனிதர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அக்காவின் கொல்லைக்கு முள்வேலி கட்டினார். அவர் மனைவி பட்டுப்புடவையோடு வரப்பில் நின்று முள் எடுத்துக் கொடுத்தார்.

இதெல்லாம் சில்லறை. பெரிய கலவரம் வந்தது மகள் தேன்மொழியின் கல்யாணத்தில்.

தேன்மொழி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாப்பிள்ளை கடலூர்க்காரர், இன்ஜினியர். நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபமும் பேசியாகிவிட்டது. நிச்சயத்தன்று அக்கா வைத்த எண்ணெய்க் கத்திரிக்காயில் மாப்பிள்ளையின் அப்பா மயங்கிவிட்டார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “அடுத்த காய் எப்ப வரும் சம்மந்தி?” என்று அவர் கேட்டுவிட்டுப் போனதுதான் தாமதம், இரு வீட்டாருக்கும் பொதுவான குடும்ப குரூப்பில் அக்கா தினமும் காலையில் கொல்லை நிலவரத்தை அறிவிக்கத் தொடங்கினார். செடிக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்று என்பதற்கு ஒரு கத்திரிக்காய், அதன் பக்கத்தில் மூன்று சொட்டுத் தண்ணீர். 🍆💦. பதிலுக்குச் சம்பந்தி நாக்கைச் சுழற்றும் முகம் ஒன்றைப் போடுவார். 😋. மறுநாளும் அதே கத்திரிக்காய், அதே தண்ணீர், அதே நாக்கு.

அந்த ஜோடிப் பொம்மைக்கு இன்றைய இளவட்டங்களிடையே வேறோர் அர்த்தம் உண்டு. தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். தெரியாதவர்கள் தயவுசெய்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள்.

சம்பந்தி வீட்டில் அது தெரிந்த ஒருவர் இருந்தார். மாப்பிள்ளையின் அக்காள். பெங்களூரில் பெரிய கம்பெனியில் வேலை. அவரைக் குரூப்பில் சேர்த்த அன்றே, தன் அப்பாவும் தம்பியின் வருங்கால மாமியாரும் தினசரி பரிமாறிக்கொள்வதைப் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிறு காலை ஒரு கார் வந்து சேலியமேட்டில் நின்றது. மாப்பிள்ளை, அவர் பெற்றோர், முன்னால் விறைப்பாக அக்காள்.

வாசலில் அவர் முகத்தைப் பார்த்ததுமே அக்காவின் வீட்டுக்காரர், “கூல்டிரிங்ஸ் வாங்கியாறேன்” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கார் திரும்பிப் போன பிறகுதான் வந்தார். அக்கா என்னைத் துணைக்கு மாடியிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“நீங்க அனுப்புற மெசேஜ் எல்லாம் அசிங்கமா இருக்கு அத்தை” என்றார் பெங்களூர்.

“இன்னா அசிங்கம்? சொத்தக் காயா?”

“அது கத்திரிக்காய் இல்ல அத்தை.”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனைப் பார்த்தார். “கத்திரிக்காதான். ஊதாவா கீது, காம்பு கீது.”

“அதுக்கு வேற மீனிங் இருக்கு.”

“இன்னா மீனிங்?”

பெங்களூர் தன் அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தார். மாப்பிள்ளை கர்சீப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

“சார், நீ படிச்சவன். நீ சொல்லு.”

பள்ளியில் எந்தக் கணக்குக்கும் நான் இவ்வளவு திணறியதில்லை. “அக்கா… அது வந்து… ஆம்பளைங்க சமாச்சாரம்” என்றேன்.

அக்கா இரண்டு நொடி யோசித்தார். பிறகு மூன்று சொட்டுத் தண்ணீரையும் யோசித்தார். முகம் சிவந்தது. தலைகுனிந்து அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“அடக் கருமமே! அதுக்கு என் காய்தான் கெடச்சுதா? வெண்டக்கா இல்ல? பொடலங்கா இல்ல? முருங்கக்கா எங்க போச்சு?”

மாப்பிள்ளையின் கர்சீப் கீழே விழுந்தது. ஆனால் அவர் அக்காள் விடவில்லை.

“சிரிக்கிற விஷயமில்ல. நாளைக்கு எங்க சொந்தக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க? எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டு, குரூப்ல ஒரு சாரி போடுங்க. இல்லன்னா இந்தக் கல்யாணத்தப் பத்தி நாங்க யோசிக்க வேண்டியிருக்கும்.”

கூடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. தேன்மொழி உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா ஒருமுறை மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு கணம் மட்டும் அவர் முகத்தில் பயம் தெரிந்தது. எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இதப் பாரும்மா. நாத்து வுட்டது நானு. களை எடுத்தது நானு. தண்ணி கட்டுனது நானு. கத்திரிக்காய்க்குத் தண்ணி ஊத்துனேன்னு சொல்றதுக்கு, கத்திரிக்காயும் தண்ணியும் போடாம இன்னா போடறது? எந்த ஊர்லயோ எவனோ அசிங்கமா நெனச்சான்னு நான் என் காய ஒளிச்சி வெக்கணுமா? கெட்டது அவன் புத்தி, என் காய் இல்ல. நான் டெலிட்டும் பண்ண மாட்டேன், சாரியும் போட மாட்டேன்.”

“அப்ப கல்யாணம்?”

“அது அவ கல்யாணம். அவளைக் கேளு.”

தேன்மொழி கதவைவிட்டு முன்னால் வந்தாள். தெளிவாகச் சொன்னாள்: “அண்ணி, எங்கம்மா எனக்கும் டெய்லி அதான் அனுப்புது. ஆஸ்பத்திரியில எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிச்சிட்டுப் போறாங்க. எங்கம்மாவ சாரி கேக்க வெச்சித்தான் கல்யாணம்னா, எனக்கு வேணாம்.”

அதுவரை நாற்காலி நுனியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த சம்பந்தி, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் எதையோ தேடித் தேடித் தட்டினார். கூடத்தில் இருந்த செல்போன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. பெங்களூர் அக்காள் தன்னுடையதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

குரூப்பில் சம்பந்தி அனுப்பியது: கத்திரிக்காய், மூன்று சொட்டுத் தண்ணீர், ஒரு கேள்விக்குறி.

“எனக்கு வந்த மெசேஜ், எனக்குப் புரிஞ்சுது. ஊருக்கெல்லாம் புரியணும்னு ஒன்னும் இல்ல” என்றார் மகளைப் பார்த்து. பிறகு அக்கா பக்கம் திரும்பி, “சம்மந்தி, இன்னைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?” என்றார்.

“அதெல்லாம் விடியக்காத்தாலயே ஊத்தியாச்சு.”

“அப்ப சாப்ட்டுட்டே போறோம்.”

கல்யாணம் பேசிய தேதியிலேயே நடந்தது. மண்டப வாசலில் வைத்த பேனரில் மணமக்கள் படத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் நான்கு ஊதாக் கத்திரிக்காய்கள், ஆளுக்கு மூன்று சொட்டுத் தண்ணீரோடு. பேனர்க்காரர் இரண்டுமுறை போன் செய்து, “மேடம், நிச்சயமா இதுதானா?” என்று கேட்டாராம். கல்லூரிப் பையன்கள் அதன் முன்னால் வரிசைகட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா அவர்களை முறைத்துக்கொண்டே போய் நடுவில் நின்று, தானும் ஒரு படத்துக்குச் சிரித்தார். பெங்களூர் அக்காள் மட்டும் கடைசிவரை எண்ணெய்க் கத்திரிக்காயை இலையின் ஓரத்தில் ஒதுக்கியே வைத்திருந்தார்.

மத்தியானம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஏற்றி அனுப்பினார்கள். கார் பாகூர் சாலையில் திரும்பி மறைந்த பிறகும் அக்கா வாசலைவிட்டு வரவில்லை. கையில் செல்போன் இருந்தது. திரையில் பொம்மைகளை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார், எதையும் தொடவில்லை. எந்தப் பொம்மையும் பொருந்தவில்லை போலிருக்கிறது. நான் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றேன்.

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்மேல் பாய்ந்தார். “இன்னா சார் மரம் மாதிரி நிக்கிற? சாப்டியா இல்லியா? போ, போய் எலையில ஒக்காரு!”

நான் முதல் பந்தியிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். அதைச் சொல்லாமல் போய், இன்னொரு முறை இலையில் உட்கார்ந்தேன்.