வெள்ளியில் ஒரு மண்ணீரல்

புதன்கிழமை

பெருமதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் நல்லதம்பிக்கு, உமது தங்கச்சி விமலேஸ்வரியின் புருசன், பரந்தன் தவராசா எழுதுவது. நான், அவா, இரண்டு மாடு, ஒரு நாய் எல்லோரும் சுகம். மாசியில் வெட்டியெடுத்த என்னுடைய மண்ணீரல் மட்டும் எங்கே, எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை. மல்லாவியில் நீரும் உமது முழங்கால் வலியும் ஒற்றுமையாக இருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுகிறேன்.

போனில் சொல்லலாம்தான். நான் போனை எடுத்தால் உம்மட தங்கச்சி ஓடிவந்து, ஆரோடு கதை என்று கேட்காமல், என்ர நெற்றியைத் தொட்டுப் பார்ப்பா. முறைப்பாடே அந்தக் கையைப் பற்றித்தான். அவா தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்துக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். எந்தக் கட்டில் என்று பிறகு சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு மட்டும் ஒதுங்கினவன், எழுத்தைப் பார்த்துச் சிரியாதையும்.

என்ர இரத்தம் பிறப்பிலேயே பிழையாம் மச்சான். சிவப்பணு தட்டையாக இருக்க வேண்டியது, எனக்கு உருண்டையாக வருதாம். மண்ணீரல் அதையெல்லாம் கழிவுச் சரக்கென்று உடைத்துப் போடுமாம். பெண் பார்க்க வந்தபோது "மாப்பிள்ளைக்குக் கண்ணில பூவரசம்பூ பூத்திருக்கு" என்று நக்கலடித்தீரே, அந்த மஞ்சள் இதாலதான். வெட்டுவதற்கு முதல் அந்தச் சின்ன வயது டொக்டர் பிள்ளையிடம் கேட்டேன், "இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லாமல் உள்ளுக்குள்ள இது என்ன வேலை பார்த்தது, பிள்ளை?"

"அது காவல் நாய் மாதிரி ஐயா. இரத்தத்துக்குள்ள வாற கிருமியளைப் பிடிக்கும். உங்கட நாய் கோழியளையும் சேர்த்துத் தின்னத் தொடங்கீட்டுது, அதால எடுக்கிறம். இனி வளவுக்குக் காவல் குறைவு. அதுக்குத்தான் முன்கூட்டியே தடுப்பூசி. பிறகு ஒவ்வொரு நாளும் பென்சிலின் குளிசை. காய்ச்சல் எண்டால் பனடோலைப் போட்டுட்டுப் படுக்கிறேல்லை, அந்த நேரமே ஆஸ்பத்திரி. சிலவேளை விடியுமட்டும் பொறுக்காது. நாய் கடிச்சாலும் உடனே வரோணும்."

"எந்த நாய் பிள்ளை, உள்ளுக்க இருக்கிறதோ வெளியில நிக்கிறதோ?"

பிள்ளை சிரித்தது. உம்மட தங்கச்சி சிரிக்கேல்லை. அண்டைக்கு என்ர நெற்றிக்கு ஏறின கை இன்னும் இறங்கேல்லை. குசினியில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தேன், நெற்றி சுட்டது, ஓட்டோ பிடித்தா. அரிவு வெட்டு நேரம் வயலில் நின்றேன், திரும்பவும் ஓட்டோ. இப்ப நேர்ஸ்மார் வாசலிலேயே கேட்கினம், "ஐயா, இண்டைக்கு என்ன, கருவாடோ வெயிலோ?"

இதுக்குள்ளே ஒபரேசன் சுகமாக முடிந்ததுக்கு வற்றாப்பளை அம்மாளுக்கு வெள்ளியில் மண்ணீரல் செய்து வைப்பதாக நேர்த்தியும் வைத்திட்டா. நகை செய்யிற பத்தர் தலையைச் சொறிஞ்சார். "கண் அச்சு இருக்கு, கால் இருக்கு, கை இருக்கு. இது எப்பிடி இருக்கும் தம்பி?" நான் எங்கே கண்டேன்? என்ர சாமானை எனக்கே ஒருத்தரும் காட்டேல்லையே! ஒரு குத்துமதிப்பாகச் செய்து தந்தார். பார்த்தால் மரமுந்திரிகைப் பருப்பு.

திங்கட்கிழமை அவா அதை முந்தானையில் முடிந்துகொள்ள, இரண்டுபேரும் அம்மாள் கோயில் பொங்கலுக்குப் போனோம். சனம் எண்டால் சனம். கொதிக்கிற வெயிலுக்குள்ளே எனக்கு உடம்பு உதறத் தொடங்கியது. பக்கத்து வளவு அப்புத்துரை அண்ணை கண்டிட்டு, "அம்மாள் வந்திட்டா! ஆரும் அசைக்காதேங்கோ, வேப்பிலை கொண்டாங்கோ!" என்று கத்தினார். எனக்கும் உள்ளுக்குள்ளே கொஞ்சம் பெருமைதான் மச்சான், எங்கட குடும்பத்தில் இதுவரை பேய்கூட ஒருத்தரையும் தேடி வந்ததில்லை. ஒரு மனிசி கும்பிட்டுக்கொண்டு, "தாயே, என்ர மோனுக்கு விசா கிடைக்குமோ?" என்று கேட்டா. பல்லுக் கிடுகிடுக்க, "கி... கி... கிடைக்கும்" என்றேன்.

அப்பதான் அந்தக் கை வந்து விழுந்தது. "இது குளிர்காய்ச்சல். எழும்புங்கோ!"

"பிள்ளை, அம்மாள் கோவிப்பா!" என்றார் அப்புத்துரை அண்ணை.

"அம்மாளோட நான் பிறகு கதைச்சுக்கொள்ளுறன். ஓட்டோவை மறியுங்கோ அண்ணை!"

வெள்ளி மண்ணீரல் முந்தானையிலேயே கிடக்க, அரிசி போடாத பானையை விட்டிட்டு வந்தோம். பெயரைக் கேட்க முதலே ஊசி ஏற்றிப்போட்டினம். இப்ப காய்ச்சலும் இறங்கீட்டுது. ஒரு சின்னக் குளிருக்காக அருள்வாக்குச் சொன்னவனை இழுத்து வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டது நியாயமோ? ஆகவே நீர் உடனே வந்து, அண்ணன்காரன் என்ற முறையில், "நெற்றியை விடடி" என்று ஒரு சத்தம் போட வேண்டும்.

மச்சாளுக்கு என் அன்பு. உமது எருமைகளுக்குப் பால் பெருகட்டும், உமக்கு வாய் குறையட்டும்.

இப்படிக்கு,
நெற்றி தேய்ந்த
தவராசா

பி.கு.: வெள்ளிக்கிழமை. ஒட்ட முத்திரை இல்லாததால் கடிதம் போகவில்லை. நல்லதாய்ப் போச்சு. டொக்டர் பிள்ளை இரத்தச் சோதனையோடு வந்தது. இரத்தத்துக்குள்ளே கிருமி ஏறியிருந்ததாம். "பொங்கல் முடியுமட்டும் இருந்திருந்தால் ஐயா, அடுத்த விடியலைப் பார்த்திருக்க மாட்டியள்" என்றது. எல்லாத்தையும் தோண்டிக் கேட்கிற நான், என்ர நெற்றியை நானே ஒருக்கால் தொட்டுப் பார்த்தேன்.

ஆகவே சத்தம் போட வர வேண்டாம். சும்மா வாரும். வரும்போது அந்த மரமுந்திரிகைப் பருப்பை அம்மாளிடம் சேர்த்துவிடும். நான் பத்தருக்குப் போன் எடுத்து ஒரு கை செய்யச் சொல்லியிருக்கிறேன். "ஆருக்குத் தம்பி கையில வருத்தம்?" என்று கேட்டார். வருத்தம் ஒன்றுமில்லை, பொம்பிளைக் கை, அளவாகச் செய்யுங்கோ என்றேன்.

அவாவுக்குச் சொல்லிப்போடாதையும். பிறகு மற்றக் கையும் வந்துவிடும்.