கயித்து அண்ணன் அளந்த ஆறு வீடு

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு சரி. மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உலகத்தில் எல்லாமே ஒன்று பத்தடி, இல்லையென்றால் பன்னிரண்டடி என்று நம்பிய ஒரே மனுஷன் எங்கள் கயித்து அண்ணன்தான். அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தோட்டத்து ஆட்களுக்கென்று ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாகக் கட்டிய லயத்தில், தான் பிறந்த ஒற்றை அறைக் காம்பராவை அளந்து, ஒரு கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டு, அதை இடுப்பில் சுற்றிக்கொண்டே திரிவார். கோயில் பந்தலா, கோழிக்கூடா, அந்தக் கயிறுதான். அவர் போட்ட கோழிக்கூட்டில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். இருந்தது இரண்டு கோழி.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்து ஆறு குடும்பம் சேர்ந்து கினிகத்தேனைப் பக்கம் ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கினோம். ஆறாவது குடும்பம் என்பது அண்ணன் ஒருத்தர்தான். ஆள் வைத்துக் கட்ட வசதி ஏது? ஆறு வீட்டையும் எல்லாரும் சேர்ந்து கட்டுவதென்று முடிவு. வாரமெல்லாம் கொழுந்து, ஞாயிற்றுக்கிழமை வீடு. பெருமழைக்கு முன்னால் தகரம் ஏறியாக வேண்டும்.

எனக்கு ஒரே ஆசை, ஜன்னல். லயத்தில் அடுப்புப் புகை போகக் கதவை விட்டால் வழி கிடையாது.

அண்ணன்தான் அளந்தார். மூன்று ஞாயிறு குனிந்த தலை நிமிராமல் தோண்டிக் கல் அடுக்கினோம். நாலாவது ஞாயிறு தேத்தண்ணி வாளியோடு மேட்டில் நின்று கீழே பார்த்தேன். ஆம்பிளைகள் முன்னால் எனக்குப் பேச்சே வராது. அன்றைக்கு வந்துவிட்டது.

“அண்ணே! நாம லயத்தையில்ல கட்டிக்கிட்டு இருக்கோம்!”

எல்லாரும் மேட்டுக்கு ஓடி வந்தார்கள். ஆறு வீடும் ஒட்டிக்கொண்டு ஒரே வரிசை. அதுவரை ஒருத்தருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை.

“அஞ்சு செவரு மிச்சமாகுது தங்கச்சி,” என்றார் அண்ணன் பாவமாக.

“ஜன்னல எங்கண்ணே வைப்பீங்க?”

“ஜன்னலா? அது தொரை பங்களாவுக்குல்ல வைப்பாங்க?”

“அந்தக் கயித்த இப்பிடிக் குடுங்கண்ணே,” என்றார் என் வீட்டுக்காரர். “துணி காயப்போடவாவது ஆகும்.”

கல்லைப் பிடுங்கித் தள்ளித்தள்ளி அடுக்கினோம். அண்ணனுக்கு ரோஷம். அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் ஜன்னல் வைத்தார். கக்கூஸுக்கும் வைத்தார், ரோட்டைப் பார்த்து. பஸ்ஸில் போகிறவர்கள் கையாட்டினார்கள். சாக்கைத் தொங்கவிட்டு மானத்தைக் காப்பாற்றினோம்.

கடைசியில் அவர் வீடு மட்டும் மிச்சம். மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. அளக்க வந்த அண்ணன் எங்கள் வீட்டுச் சுவரையே தடவிக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, பக்கத்துக் காம்பரா இருமல் கேக்காம நான் தூங்கினதே இல்ல. இந்த ஒரு செவரு மட்டும் பொதுவா இருக்கட்டுமே?”

அந்தச் சுவரில் இருந்த ஜன்னலை நானே மண் குழைத்து அடைத்தேன். அவர் இருந்த மட்டும் தினமும் விடிந்ததும் சுவரைத் தட்டுவார். நான் இந்தப் பக்கமிருந்து இருமுவேன்.

இப்போது நான் நுவரெலியாவில் மகளோடு இருக்கிறேன். கினிகத்தேனை வீட்டுக்கு ஜன்னல் நாலு என்கிறேன் நான், அஞ்சு என்கிறாள் அவள். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது எண்ணிப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள். அடைத்த ஜன்னலைச் சேர்க்க வேண்டாம். அந்தப் பக்கம் அண்ணன் இருந்தார்.