பிணவறையில் நான்காம் கட்டம்

அன்புத் தம்பிக்கு, அக்கா வீட்டுக்காரன் அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

"அப்பாவை அநாதைப் பிணம் மாதிரி போட்டு வெச்சிருந்தீங்களாமே" என்று நீ கேட்டது உன் அக்காவை உலுக்கிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு திட்டு. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் போன வருடம் ஒரு குடும்பம் தவறுதலாக வேறொருவர் உடலைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டது உனக்குத் தெரியும். அதனால் நிர்வாகம் புதிய நடைமுறை வகுக்க ஓர் ஆலோசகரை வரவழைத்தது. எதைக் கேட்டாலும் பலகையில் அம்பு போட்டு விளக்குவதால் அவருக்கு அம்புக்குறி என்று பெயர் வைத்தோம். முதல் கட்டம் இப்போது நடப்பதைக் கவனிப்பது, இரண்டாவது குறைகளைப் பிரிப்பது, மூன்றாவது புதிதாக வரைவது, நான்காவது சிறிய இடத்தில் சோதிப்பது, ஐந்தாவது திருத்துவது. அலுவலகக் கண்காணிப்பாளர் என்பதால் என்னையும் குழுவில் போட்டார்கள். முதல் நாளே அம்புக்குறி பிணவறை வாசலில் நின்று, "இங்க கஸ்டமர் யாரு?" என்று கேட்டார். காவலாளி உள்ளே கையைக் காட்டினார். "அவங்க திருப்தியா இருக்காங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறீங்க?" என்றதற்கு, "இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லைங்க" என்றார் அந்த மனுஷன். அம்புக்குறி அதையும் எழுதிக்கொண்டார்.

பிணவறையில் நான்காம் கட்டம் தொடங்கிய வாரத்தில்தான் மாமாவை, உன் அப்பாவை, நெஞ்சுவலி என்று அங்கே சேர்த்தோம். அன்று மாலையே போய்விட்டார். காலையில் உடலை வாங்கப் போனால், புது நடைமுறைப்படி நோயாளி பதிவு செய்த போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைச் சொன்னால்தான் கதவு திறக்கலாம் என்றார்கள். மாமா சேரும்போது தன் நம்பரையே கொடுத்திருக்கிறார். அவர் போன் சட்டைப் பையில், சட்டை துணி மூட்டையில், மூட்டை அவர் காலடியில், உள்ளே. எண்ணை அனுப்பினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் மாமாவின் போன் மணியடித்தது. உன் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நம்பரை மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாம், நம்பருக்கு உரியவர் நேரில் வர வேண்டுமாம். "வந்துதாங்க இருக்காரு" என்றார் காவலாளி. விதிவிலக்குக்கு இயக்குநர் கையெழுத்து வேண்டும், அவர் வெளியூரில், போனை எடுக்கவில்லை. அன்றைய பகல் அப்படியே போயிற்று. அந்த ராத்திரியும் மாமா அங்கேயே கிடந்தார்.

மறுநாள் அம்புக்குறி வந்தார். கெட்டவர் இல்லை தம்பி, முகம் வெளுத்துத்தான் நின்றார். ஆனாலும், சோதனையிலேயே கோளாறு தெரிந்தது நல்லதுதான், ஐந்தாம் கட்டத்தில் சரிசெய்துவிடலாம் என்று வாய் சொல்லிவிட்டது.

உன் அக்கா எழுந்தாள். "எங்கப்பா இப்ப எந்தக் கட்டத்துல இருக்காரு?"

அவள் காவலாளியிடம் திரும்பி, "அண்ணே, கதவைத் திறங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். திறந்தால் வேலை போகும், அவர் சம்பாத்தியத்தில்தான் அந்த வீடே நடக்கிறது. "திறங்க. நான் சொன்னேன்னு எழுதிக்குங்க" என்றேன். திறந்தார். அவள் அப்பாவின் குளிர்ந்த நெற்றியில் உள்ளங்கையை வைத்தபடி, அது சூடாகிவிடும் என்பதுபோல, வெகுநேரம் நின்றாள். அன்று மாலையே அடக்கம் செய்தோம். உனக்காக இன்னும் காத்திருக்க உன் அக்காவுக்குத் தெம்பில்லை, அதற்கு மட்டும் மன்னித்துவிடு.

காவலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போகட்டும். கட்டம், அம்பு, ஆலோசனை என்று இனி எவன் கூப்பிட்டாலும் அந்த வாசலை மிதிக்கமாட்டேன், இது சத்தியம்.

நீயும் உன் மனைவி மக்களும் நீண்ட ஆயுளோடு, எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாமல் இருக்க வாழ்த்தும்,
அத்தான்.

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப்போகும்போது நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தார். பிரசவப் பிரிவுக்குப் புது நடைமுறை வகுக்கிறார்களாம், வேலைத் தடையை நீக்கி, அனுபவசாலி என்று என்னையே குழுத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். நிறைமாதமாக இருக்கும் நம் பெண், வேறு ஆஸ்பத்திரி பார்க்கச் சொல்லி மாப்பிள்ளையை அனுப்பியிருக்கிறாள்.